கரையாத இடது கை

இன்று மதியம் உன் வாசனை நம் அறைக்குள் திரும்பி வந்தது. வாசனை என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அக்ரிலிக் செயற்கை நகத்தை ராவும்போது கிளம்புகிற அந்த நெடியை நான் என்றைக்கும் நாற்றம் என்றுதான் சொல்வேன். நீதான் விடாமல் வாசனை என்பாய். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் குன்னூரில் என்ன பிரயோஜனம்? மூடுபனி உள்ளே வரும், நெடி வெளியே போகாது.

ஜெகதளா டீச்சர் வந்திருந்தார். மகன் கல்யாணத்துக்காக உன்னிடம் நகம் நீட்டிக்கொண்டாரே, அவர்தான். பிறகு அவர் வேறு யாரையும் அந்த நகங்களைத் தொட விடவில்லையாம். அவருடைய சொந்த நகம் பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டது. நீ வைத்தது நுனிப்பக்கம் மட்டும் மிச்சம். வலது கட்டைவிரலில் ஓரம் தூக்கிக்கொண்டு, தண்ணீர் புகுந்து, அடியில் பச்சையாகக் கறை பிடித்திருந்தது.

“அந்தப் புள்ள போட்டதுங்க. எடுக்க மனசே வரலைங்க,” என்றார். “இனி வெச்சிருந்தா நகம் கெட்டுப் போயிருமாட்டிருக்குது. நோகாம எடுத்துருங்க கண்ணு.”

அவர் கைகளை மேசையில் வைத்தபோது என் கண் தானாகப் பக்கத்து நாற்காலிக்குப் போனது. அக்ரிலிக் நகத்தோடு யார் வந்தாலும் நான் அப்படித்தான் திரும்புவேன், நீ நாற்காலியோடு நகர்ந்து வருவாய். நான் ஜெல், நீ மிச்சமெல்லாம். அதுதானே நம் ஏற்பாடு?

அந்த ஏற்பாட்டுக்கு முன்னால் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? கல்லூரி முடித்து, ஆளுக்கொரு அழகு நிலையத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, நகக்கடைக்கென்று பேக்கரிக்கு மேலே இந்தச் சின்ன அறையை எடுத்த புதிது. ஜெல்லைத் தேன் மாதிரி நகத்தில் ஓடவிட்டு விளக்கில் காட்டி இறுக வைப்பது எனக்குக் கைவந்திருந்தது. அது போதும் என்றிருந்தேன். நீயோ லீவு கிடைக்கும்போதெல்லாம் பஸ் ஏறினாய். ஒரு தடவை கோயம்புத்தூர், ஒரு தடவை பெங்களூர். பொடியும் திரவமும் குழைத்து வைக்கிற அக்ரிலிக், அசிட்டோனில் கரையாத ஹார்டு ஜெல், பொடியில் விரலை முக்கி எடுக்கிற டிப், அக்ரிலிக்கும் ஜெல்லும் கலந்த பாலிஜெல், கண்ணாடி இழையை ஒட்டுகிற பழைய முறை. திரும்பி வரும்போதெல்லாம் உன் இடது கையில் புதிதாக ஒரு விரல் நகம் மாறியிருக்கும். கடைசியில் ஐந்து விரலுக்கும் ஐந்து விதம். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள்.

எனக்கு எரிச்சல். எல்லாவற்றையும் கற்றுக்கொண்டால் எதிலும் கை நிற்காது என்றேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவள் கைதான் நம்பத் தகுந்த கை என்றேன். இப்போதும் அதில் பாதி உண்மை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நீயே ஒப்புக்கொண்டாய், ஜெல்லில் என் கை உனக்கு வராது என்று. ஆனால் விடவில்லை.

“ஏனுங்க ஸ்பெஷலிஸ்ட் அம்மா,” என்று கும்பிடு போட்டாய். “நீ பிரியாணி மட்டும் ஆக்கு, வேண்டாங்கல. ஆனா எந்த ஊட்டுப் பாத்திரம் அடிப்பிடிச்சு வந்தாலும் தேய்க்கத் தெரியோணுமில்ல?”

நான் பாத்திரம் தேய்க்கப் படிக்கவில்லை என்றேன். நீ சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் சொன்னாய்: “போடறதுக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும்டி. எடுக்கறதுக்கு எல்லாம் தெரியோணும்.”

அன்றைக்கு அது உன் வாய்ச்சாலகம் என்று விட்டுவிட்டேன். சண்டையும் முடிந்தது. நான் ஜெல்லோடு நின்றேன், நீ மற்றதைப் பார்த்துக்கொண்டாய். நீ இருக்கும்வரை எனக்கு எதுவும் குறையவில்லை.

பிறகு பாப்பா வந்தாள். என் பயங்களை உன்னைப் போல் யாரும் கிண்டல் செய்ததில்லை, உன்னைப் போல் யாரும் பொறுத்துக்கொண்டதுமில்லை. நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது நீ அக்ரிலிக் புட்டியைத் திறந்தால் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். நீ ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த வேலைகளை எல்லாம் நான் வராத நாட்களுக்கு மாற்றிக்கொண்டாய். நான் அதைக் கவனிக்கவே வெகுநாள் ஆயிற்று. பாப்பா பிறந்த பிறகு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே ஸ்வெட்டரைக் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டுதான் அவளைத் தூக்குவாய். அவள் நகம் வெட்டுவதை நான் நாள்தோறும் தள்ளிப்போடுவேன். ஊரார் நகத்தையெல்லாம் அழகாக்குகிறவளுக்குச் சொந்தக் குழந்தையின் அரிசி நகத்தைத் தொட பயம். நீ அவள் பால் குடித்துக்கொண்டே தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு பேசிக்கொண்டே, ஒவ்வொன்றாக வெட்டிவிட்டுப் போவாய்.

ஐப்பசி மழையில் மரம் விழுந்து ஊரெல்லாம் கரண்ட் போனதே, அந்தச் சாயங்காலம் நீ போன் செய்தாய். பாப்பா அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு உடம்பு சுடுகிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நீ ஏதோ கல்யாணக்காரர் கை, பாதியில் விளக்கு அணைந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். பாதிக் காதில் கேட்டு, அப்புறம் பேசறேண்டி என்று வைத்துவிட்டேன். அப்புறம் வேறு பேச்சு வந்தது, அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடிவிட்டு வந்து, தலைவலி என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அரவேணுவில் உங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளைப் புடவையில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, உன் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “விரலுக்கு ஒரு தினுசா இருக்குதே கண்ணு, இதையெல்லாம் எடுத்து சுத்தமா அனுப்பலாமா? உனக்குத் தெரியுமில்ல?” என்று கேட்டார். நான் உன் இடது கையைப் பிடித்துப் பார்த்தேன். என் ஜெல் ஒன்றுகூட அதில் இல்லை. எது கரையும், எது கரையாது, எதை ராவ வேண்டும், எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாமல் எதையாவது நோண்டி உன் நகத்தைக் கிழித்துவிடுவேனோ என்று பயந்து, இருக்கட்டும் பெரியம்மா என்றேன். வெள்ளைக் கையுறை போட்டு விட்டார்கள். ஐந்தும் உன்னோடு போயின.

அதற்குப் பிறகு அக்ரிலிக்காரர்கள் வந்தால் கோயம்புத்தூர் போகச் சொல்லி அனுப்பிவிட்டேன். பாப்பா பால் குடிக்கிறவள், எதற்கு அந்த நெடி? டீச்சரையும் அப்படித்தான் அனுப்பியிருக்க வேண்டும். உன் கைவேலை என்பதால் முடியவில்லை.

வலது கையை முதலில் எடுத்தேன். மேற்பரப்பை ராவியதும் நெடி எழும்பியது. நீ வந்து நின்றாய். உடனே மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு, அக்ரிலிக்தான், அசிட்டோனில் கரையும், அதை நீ செய்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடது கையையும் ராவி, பஞ்சை நனைத்து வைத்து, பத்து விரலுக்கும் ஃபாயில் சுற்றினேன். டீச்சர் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல பெண்ணாம், ஆனால் ரசத்துக்குப் பூண்டு உரிக்காமல் போடுகிறாளாம்.

பிரித்தபோது வலது கையில் எல்லாம் மாவாக இளகி, தள்ளினால் வந்துவிட்டது. பச்சைக் கறைக்கு அடியில் நகம் நன்றாகத்தான் இருந்தது. இடது கையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி நனைத்துச் சுற்றினேன். மறுபடி பிரித்தேன். கல் மாதிரி இருந்தது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கின. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜெகதளா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லாமல் சொன்னார். மோதிர விரலில் ஒரு ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. தள்ளுகம்பியை அங்கே நுழைத்து ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும் போல இருந்தது. நுழைத்தும் விட்டேன்.

டீச்சர் விரல் சுருங்கியது. நீதான் சொன்னாய்: எடுக்கறதுக்கு எல்லாம் தெரியோணும்.

கம்பியைக் கீழே வைத்தேன். நீ என்ன செய்வாய் என்று யோசித்தேன். வேறு ஊரில் நகம் வைத்துக்கொண்டு வந்து, என்ன போட்டார்கள் என்றே தெரியாது என்று சொல்பவர்களிடம் நீ கேள்வி கேட்க மாட்டாய். ஒரு ஓரத்தை லேசாக ராவி, அந்தத் தூளை விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோவாய், நெடி அடித்தால்தான் அக்ரிலிக் என்பாய். நான் முகத்தைச் சுளிப்பேன். இன்று நான் மாஸ்க்கைக் கழற்றினேன். ஜன்னல் பக்கம் டீச்சரின் இடது கையைக் கொண்டுபோய், கொஞ்சம் ராவி, தூளை முகர்ந்தேன்.

ஒரு வாசனையும் இல்லை.

அப்போதுதான் அந்தப் போன் பேச்சு முழுசாகக் காதில் விழுந்தது, இத்தனை நாள் கழித்து. “இடது கை வெளிச்சத்துல, வலது கை இருட்டுலடி,” என்று சிரித்தாயே!

“டீச்சர், அன்னைக்கு நடுவுல கரண்ட் போச்சுங்களா?” என்றேன்.

“அதையேங்க கேக்கறீங்க. ஒரு கை முடிஞ்சுது, விளக்கு நின்னு போச்சு. இன்வர்ட்டரும் முந்தின நாளே போயிருச்சாம். விடிஞ்சாக் கல்யாணம், எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. மெழுகுவத்தி வெக்கலாம்னேன். அய்யோ, இந்த மருந்து பக்கத்துல தீயே ஆகாதுன்னு சொல்லிப்போட்டு, என்னைப் போன்ல டார்ச் புடிக்கச் சொன்னாங்க. குளுருக்கு இறுகாதுன்னு என் கையில டீ டம்ளரக் குடுத்து சூடு பண்ணிக்கச் சொன்னாங்க. கல்யாணத்துல ரெண்டு கையும் ஒண்ணுபோலத்தானுங்க இருந்துச்சு. ஒரு ஆளு கண்டுபுடிக்கல.”

இடது கை விளக்கில் இறுகிய ஹார்டு ஜெல். வலது கை விளக்கே வேண்டாத அக்ரிலிக். ஒன்று மட்டும் தெரிந்தவளாக, அதாவது நானாக, அங்கே இருந்திருந்தால் டீச்சர் ஒரு கையோடு கல்யாணத்துக்குப் போயிருப்பார். உன் பெருமை எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நீ கற்றுக்கொண்டதெல்லாம் பலகையில் எழுதி மாட்டிக்கொள்வதற்காக இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் பாதியில் எழுந்து போகக் கூடாது என்பதற்காக.

இப்போதெல்லாம் புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்கள் வாட்ஸப்பில் என்னிடம் கேட்கிறார்கள், அக்கா, எல்லா முறையும் படிக்கணுமா, ஒன்று போதுமா என்று. ஒன்று போதும் என்றுதான் இதுவரை பதில் போட்டுவந்தேன். இனி நீ சொன்னதையே போடுவேன்.

கரையாது என்று தெரிந்த பிறகு வேலை மெதுவாகப் போனது. பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்றார் டீச்சர். தூக்கியிருந்த ஓரத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். கிளம்பும்போது தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இனி இப்படி ஏதாச்சும்னா யாருகிட்டங்க போறது? அந்தப் புள்ளையும் இல்ல,” என்றார்.

“இங்கயே வாங்க டீச்சர்,” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

அவர் போனதும் உனக்குச் சொல்லிக்கொடுத்த கோயம்புத்தூர் அம்மாவுக்குப் போன் செய்தேன். எனக்குப் போடத் தெரிய வேண்டாம், எடுக்க மட்டும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். போடாமல் எடுக்க வராது, ஒழுங்காக எல்லாம் கற்றுக்கொள் என்றார். நீ இருந்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பாய். என் மாமியார் துணைக்கு வருகிறேன் என்கிறார். அவருடைய தங்கை வீடு அங்கேதான் இருக்கிறது. பாப்பாவை அங்கே வைத்துக்கொள்ளலாம். வகுப்பு முடிந்து வந்து, ஸ்வெட்டரைக் கழற்றி, முழங்கைவரை கழுவிக்கொண்டு அவளைத் தூக்க வேண்டும். அது எப்படி என்று நீ செய்து காட்டியிருக்கிறாய். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதுகூட இரண்டு முறை எழுந்துபோய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும். ஹார்டு ஜெல்லைக் கடைசிவரை ராவக் கூடாது, மெல்லிய ஓர் அடுக்கை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நகம் தேயும் என்பாய். அப்படியே விட்டிருக்கிறேன். டீச்சர் இடது கையில் புத்தகத்தை ஏந்தி வகுப்பில் நடக்கும்போது உன் வேலை அந்த விரல்களில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நகத்தோடு சேர்ந்து மெல்ல நுனிக்கு நகரும். பள்ளிக்கூடம் முழுப்பரீட்சை லீவு விடுகிற சமயம் அதன் கடைசிக் கீற்றை வெட்ட அவர் என்னிடம்தான் வருவார். அதற்குள் நான் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறேன்.