தோல் வயிற்றுப் பாவைப்பிள்ளை

அச்சுவேலி,
18.10.1971

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லூரான் துணையால் மாமியும் நானும் சுகம். லண்டன் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? பிரசவ வைத்தியச் சோதனைக்குப் படிக்கும் மும்முரத்தில் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கப்பலில் அனுப்பிய தோல் வயிறும் துணிப் பாவைப்பிள்ளையும் எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வாட்டுக்குப் பெரிய உதவி. புதிதாக வந்திருக்கும் டொக்டர் நடராசாவைப் பிள்ளை எடுக்க அதில்தான் பழக்குகிறேன். பழகி முடிந்ததும் பாவையைத் தலை கீழே இருக்க, பிறக்கும் முறையில் வயிற்றுக்குள்ளே வைத்து, அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன். திறப்பு என்னிடம்தான்.

ஆடியில் ஒரு காலை திறந்தபோது பாவையின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நடராசாவை ஏசினேன். தான் தொடவேயில்லை என்றார். அன்று மத்தியானம் உடுப்பிட்டியிலிருந்து இரத்தினம்மா என்றொரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்குக் கால்தான் முதலில் வந்தது. உடல் வந்தும் தலை சிக்கிவிட்டது. நடராசா என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். நான் ஓடி வருவதற்குள் பிள்ளை போய்விட்டது.

அதன்பின் அவர் நாள் தவறாமல் பழகினார். பாவையை முன்கையில் கிடத்தி, வாயில் விரல் வைத்து, நாடியை நெஞ்சோடு தாழ்த்தித் தலையை எடுப்பார்.

சென்ற மாதம் மறுபடியும் கால் வெளியே. வாட்டுத் தாதி மக்டலீன் மிஸ்ஸி, யாரும் கேளாமலே பிரசவ மேசையை ஆயத்தப்படுத்தினார். பின்னேரம் ஒரு பெண் வந்தாள், பிள்ளை கால் முன்னாக. நடராசா தலையை எடுத்தார். பிள்ளை வீரிட்டு அழுதது. நடராசா வெளியே வந்து, "டொக்டர், அது எங்களுக்கு முன்னமே சொல்லுது" என்றார். படித்தவர் கதைக்கிற கதையா என்று கடிந்துகொண்டேன்.

இன்று காலையும் பாவையின் கால் வெளியே. வாட்டில் நோவோடு எவருமில்லை. பொழுதுபடும்வரை வாசலைப் பார்த்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. கடைசியில் அறைக்குள் போய் என் வயிற்றில் நானே கைவைத்துப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே, உருண்டையாக, கெட்டியாகத் தலை. ஏழாம் மாதத்தில் தலை மேலே இருப்பது வழமை, இன்னும் திரும்பும் என்று மற்றப் பெண்களுக்குச் சொல்வேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்தேன். நடராசா பாவையை எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார்.

மாமிக்கு இது தெரியாது. நீங்களும் அவவுக்கு எழுத வேண்டாம்.

அத்தான், பேற்றுக்கு நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. சோதனை முடிந்ததும் ஒரு நாளும் தங்காமல் விமானம் ஏறுங்கள். நம் பிள்ளையை எடுக்கப்போகும் உங்கள் கை சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

உங்கள்,
அருமைநாயகி