அந்த முதல் ஊதல்

என் மகள் ஜெயப்பிரியாவுக்கு அம்மா உமையாள் எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். உனக்கு அந்தச் சீமைக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது. அதனால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உலகமே கொண்டாடுகிற ஆர்க்கெஸ்ட்ரா, அதன் நூறாவது வருச விழாவை நீ அமைத்த இசையை ஊதித்தான் தொடங்கப் போகிறார்கள் என்றாய். பித்தளை வாத்தியம் மட்டும், இரண்டே நிமிசம் என்றாய். முதலில் வரும் ஒற்றை ஊதல், உன்னைப் பெற்ற அய்யாவைத் தூக்கும்போது நீ போனில் கேட்ட சங்குதான் என்று சொல்லி அழுதாய். சாவுக்கு வராதவள் அதைக் கொண்டுபோய் விழாவில் வைத்தேனே, எடுத்துவிடப் போகிறேன் என்றாய். அதற்குத்தான் இந்தக் கடுதாசி.

நீ அனுப்பிய ஒத்திகை போனில் கொசுச் சத்தமாகக் கேட்டது. மைக்செட் மூக்கையாவிடம் கொண்டுபோனேன். ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் பாடுவது யார், டான்ஸ் உண்டா என்று கேட்டான். கோயில் கொடைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் மாட்டி முழுச் சத்தத்துக்குத் திருகிவிட்டான்.

முதல் ஊதல் நீளமாகப் போனது. ஊரே சாவுச் சங்கு என்று நினைத்துவிட்டது. மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். உன் அத்தை முருகலட்சுமி தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டே யார் போனது என்று கேட்டு வந்தாள். அதற்குள் மற்ற வாத்தியமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பிவிட்டது. கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாகத் தண்ணீர் பாயுமே, அந்த மாதிரி. ஓங்கின கை ஓங்கினபடி நின்றாள் உன் அத்தை.

என் மகள் போட்டது என்றேன். வருசம் திரும்பாத வீட்டில் என்ன மேளச்சத்தம் என்று ஏசினாள். ஏசி முடித்துவிட்டு, இன்னொருக்கா போடச் சொல்லுங்க மதினி என்றாள். மூன்று தடவை போட்டோம்.

அய்யாவுக்குச் சங்கு ஊதின ராக்கப்பனும் நின்றார். இது தப்பா என்று அவரிடம்தான் பயந்து பயந்து கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் ஊதுனா அதோட முடிஞ்சுபோகும் தாயி. உங்க மக அது முடிஞ்ச எடத்துலருந்துல்ல ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

அய்யா போன இந்த ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்குச் சோறு உள்ளே இறங்கியது.

ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன். கடைசி நாளில் அய்யா உன்னைக் கேட்டார். கூப்பிடவா என்றேன். வேலையாக இருப்பா, பிள்ளையை அலைக்கழிக்காதே என்றார். நீ வரவில்லை என்ற கோபத்தில் இதை உனக்குச் சொல்லவே இல்லை. தப்பு என்மேல்தான்.

அந்த ஊதலை எடுத்துவிடாதே. நம் குலசாமி முனியசாமி உனக்குத் துணையிருப்பார். விழா அன்று மேடைக்குக் கூப்பிட்டால் ஓரத்தில் ஒதுங்காதே. நடுவில் போய், தலை நிமிர்ந்து நில், மகளே.

உன் அம்மா
உமையாள்