ஏழாம் தட்டு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யாமல் டபாய்க்கிறாயாம், அண்ணி சொன்னாள்.

ஆறு வருடத்துக்கு முன் இங்கே வந்தபோது உன் கையிலிருந்து துளியூண்டு தோல் எடுத்தேனே, ஞாபகமிருக்கிறதா? "உன் ஆராய்ச்சிக்கு ரத்தம் சிந்தினவன் நான், ஒரு காப்பியாவது வாங்கிக் குடு" என்று கத்தி ஆய்வுக்கூடத்தையே கூட்டினாய். என் கையிலிருந்தும் எடுத்தேன். மறதி நோயாளிகளோடு ஒப்பிட நோயில்லாத இருவர் தேவைப்பட்டார்கள். சுலபமாக அகப்பட்டவர்கள் நாம்தான்.

அந்தத் தோலை, எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து ஆளுக்கொரு கண்ணாடித் தட்டில் மூளை செல்களை வளர்த்தோம். அவை ஒன்றையொன்று தேடிக் கை நீட்டுவதை நீ பார்க்க வேண்டும்! சாப்பாடே மறந்துவிடும் எனக்கு.

எந்தத் தட்டு யாருடையது என்று, செல்களை எண்ணிப் பார்க்கிற எனக்கே தெரியாது. தெரிந்தால் கண் பாரபட்சம் பார்க்கும். தட்டில் எண் மட்டும் இருக்கும். பெயர்ப் பட்டியல் புள்ளிவிவர நிபுணரின் அலமாரியில் பூட்டியிருக்கும். போன வருடம் நோயாளிகள் யார், நோயில்லாதவர்கள் யார் என்பதை மட்டும் பிரித்துச் சொன்னார். மூன்றும் ஏழும் நாம். மூன்று நன்றாக இருக்கிறது. ஏழு, நோயாளிகளுடையதைப் போலவே சீக்கிரம் மூப்படைகிறது. கைப்பிழை என்று நினைத்து உதவியாளர் மேல் எரிந்து விழுந்தேன், பாவம். மூன்று தடவை புதிதாக வளர்த்தும் அதேதான்.

அதாவது நம்மில் ஒருவருக்கு மறதி சீக்கிரமே வரலாம். வராமலும் போகலாம், தட்டில் நடப்பது தலைக்குள்ளும் நடக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ள மனம் பரபரக்கிறது. ஆனால் என் பெயரைத் திறந்தால் உன்னுடையதும் திறந்துவிடும். நீ சம்மதிக்காமல் அந்தப் பட்டியலைத் தொடமாட்டேன்.

போன ஞாயிறு போனில் கார் விற்ற கதையை இரண்டு தரம் சொன்னாய். தேதி போட்டுக் குறித்து வைத்தேன். மறுநாள் என் வீட்டுச் சாவியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடினேன். அதையும் குறித்தேன். பிறகு வெட்கமாகிவிட்டது, தாளைக் கிழித்துப் போட்டேன்.

அண்ணியோடு கலந்து பேசு. வேண்டாம் என்றால் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்.

முடிவு இப்படித்தான் வரவேண்டும் என்று ஆசைப்படாதீர்கள் என மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். இருபது வருடத்தில் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. இப்போது ஆசைப்படுகிறேன் அண்ணா. ஏழு என்னுடையதாக இருக்கட்டும்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் தங்கை