இரண்டு நீலத் தொட்டிகள்

ஜூலை 28

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சின்ன அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தேன். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் மூடியும் விட்டேன். கொஞ்சம் காற்று, கொஞ்சம் வெயில், அவ்வளவுதான். அந்த அறையில் இஸ்திரி மேசையும், அவருடைய ஓடாத சைக்கிளும், பழைய செய்தித்தாள் கட்டுகளும் கிடக்கின்றன. எட்டாம் மாதம் முடியப்போகிறது. சைக்கிள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." டாக்டர் உறுதி சொன்ன அன்றே அவர் இதைச் சொல்லிவிட்டார். ஒரு துணி, ஒரு கிலுகிலுப்பை, எதுவும் முன்கூட்டி வாங்கக் கூடாது. சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பதினான்கு வருஷமாக எங்கள் வீட்டில் அதற்கு 'அந்த வருஷம்' என்று பெயர். அதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.

எனக்கு நாற்பத்து மூன்று. "இந்த வயசுல..." என்று ஆரம்பிக்காத விசாரிப்பு ஒன்றாவது இப்போது காதில் விழுகிறதா?

ஜூலை 31

கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. கண் பரிசோதிக்கிற அறையில் நானே நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் பார்த்தேன். கடைசி வரி கலங்கித் தெரிகிறது. கர்ப்பத்தில் பவர் இப்படிக் கொஞ்சம் ஏறி இறங்கும், பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சரியாகும், இப்போது கண்ணாடி மாற்றிக் காசை வீணாக்காதீர்கள் என்று எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு அதைச் சொல்ல ஆளில்லாததால் நானே சொல்லிக்கொண்டேன்.

பின்கட்டில் லென்ஸ் வெட்டும் அண்ணனுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். உடைந்த ஃபிரேம்கள் போடுகிற பெரிய அலமாரியின் கீழ்த்தட்டில், ஃபிரேம்களுக்குப் பதிலாக இப்போது வேறு சாமான்கள் இருக்கின்றன. ஆறு சட்டை, பழைய புடவையைக் கிழித்துத் தைத்த துணிகள், ஒரு போர்வை. நேற்று, குளிப்பாட்டுகிற நீலத் தொட்டி ஒன்று. அதை உள்ளே தள்ளத் திணறிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து வாங்கி வைத்தார். "டாக்டரம்மா, தட்டு நெறஞ்சுபோச்சு. இனிமே தொட்டில் கட்டில்னு ஏதாவது வாங்கினீங்கன்னா என் மெஷினைத்தான் வெளியில போடணும்" என்றார். நான் டாக்டர் இல்லை என்று பத்து வருஷமாகச் சொல்கிறேன். கேட்பதில்லை.

சாயங்காலம் அவர் கடைக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தபோது கைப்பையை வாங்கிக்கொண்டார். பையில் ஒரு ஜோடி காலுறை இருந்தது. என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. வீடு வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஆகஸ்ட் 2

நாள் முழுக்க 'அந்த வருஷம்' குடியிருந்த மாடி வீட்டு ஞாபகம்.

மரப்படிகள். மூன்றாவது படி கத்தும். அவர் டிப்போவில் இருந்து வருகிறார் என்பதை அந்தப் படிதான் எனக்கு முதலில் சொல்லும். அப்போது அவர் டிப்போவில் சேர்ந்த புதிது, பஸ் நேர அட்டவணை போடுகிற வேலை. அங்கே எல்லாரும் இன்றுவரை அவரை 'டைம்டேபிள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்த வீட்டில் ஓர் அறையை வாழைக்குருத்து நிறத்தில் அடிக்க ஆசைப்பட்டார். அவரே கலந்தார், அவரே அடித்தார். காய்ந்த பிறகு பார்த்தால் இருமல் மருந்து நிறம். நான் சுவரைப் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, அவரும் ஏணி மேல் நின்றபடியே சிரித்தார். ஏணி ஆடியது. "இறங்கித் தொலைங்க, அப்பனில்லாத பிள்ளையா ஆக்கிடாதீங்க" என்றேன்.

இன்னொரு நாள், நான் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், பெரிய தண்ணீர் பாட்டிலுக்குத் துண்டு சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொண்டே அறையில் நடக்கிறார். கழுத்து தொங்காமல் ஒரு கை. ஏப்பம் வந்ததா என்று கேட்டேன். மூடி சரியாகப் போடவில்லை போலிருக்கிறது, சட்டை முழுக்க நனைந்திருந்தது. "வாந்தியே எடுத்துடுச்சு" என்றார்.

எவ்வளவு வாய் எங்கள் இருவருக்கும்! எங்கே போயிற்று அது?

ஆகஸ்ட் 3

நேற்று எழுதாமல் விட்டது.

எட்டாவது மாதத்தில் ஒரு மத்தியானம் ரத்தம். அவசர ஆபரேஷன். எனக்கு நினைவு திரும்பியது இரண்டு நாள் கழித்து. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெண். பிறந்த அன்று சாயங்காலம் வரை இருந்தாளாம். நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அந்த அறை வெள்ளையாக இருந்தது. சுவரையும் மறுபடி அடித்துவிட்டிருந்தார். ஒரு துணுக்குத் துணி இல்லை. எல்லாம் எங்கே என்று நான் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. நானும் அவரைக் காப்பாற்றப் பேசாமல் இருந்தேன். அப்படியே பழகிவிட்டது.

ஆகஸ்ட் 7

அண்ணி வந்துவிட்டார். அவருடைய அக்கா. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். இன்னமும் எதிராளி பேச்சு பிடிக்கவில்லை என்றால் "சரி, லைனை வை" என்பார், நேரில் பேசிக்கொண்டிருந்தாலும்.

பெட்டியை வைத்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற பை எங்கே என்றார். நான் அவர் தம்பியைப் பார்த்தேன். அவர் சைக்கிளைப் பார்த்தார்.

"பிறக்கட்டும்க்கா."

"பிறந்தா எதுல சுத்துவ? உன் டைம்டேபிள்லயா?"

அவர் வெளியே கிளம்பிப் போய்விட்டார். அண்ணி என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா, வாயில கொழுக்கட்டையா? இவன்தான் பயந்தாங்கொள்ளி, நீயுமா?" என்றார். என்ன சொல்ல? அலமாரியின் கீழ்த்தட்டு கண் முன் வந்தது. சொல்லியிருந்தால் மாலைக்குள் அவர் காதுக்குப் போயிருக்கும். அண்ணிக்கு ரகசியம் என்றால் அவசரமாக வந்த வெளியூர் டிரங்க் கால் மாதிரி, உடனே இணைத்துவிடுவார்.

ஆகஸ்ட் 11

இன்று காலையிலிருந்து அசைவு குறைவு. அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

காலையில் எழுந்தபோது அசைவே இல்லை.

கடையில் மத்தியானம் வரை காத்திருந்தேன். இடப்பக்கம் படுத்துப் பார்த்தேன், சர்க்கரை போட்டுப் பால் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பின்கட்டில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே லென்ஸ் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டார். ஆட்டோவில் போகும்போது சாருக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம்ணே, அவர் தாங்க மாட்டார் என்றேன். நான் மட்டும் தாங்கினேனா? கடவுளே, இன்னொரு தடவை என்னால ஆகாது, ஆகவே ஆகாதுன்னு வழி முழுக்க உள்ளுக்குள்ள கத்திக்கிட்டே போனேன். வெளியில சிக்னல் எல்லாம் சரியாத்தான் மாறிக்கிட்டிருந்தது.

வயிற்றில் பட்டை கட்டினார்கள். இதயம் அடிக்கிற சத்தம் வந்தது. பழைய தையல் மெஷின் வேகமாக ஓடுகிற மாதிரி. நர்ஸ் அம்மா என் கையைத் தட்டி, "கேக்குதா? ஐயா நல்லாத் தூங்கிட்டிருந்திருக்காரு, நீங்க எழுப்பிட்டீங்க" என்றார்.

டாக்டர் அப்படிச் சிரிக்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, இனி கடைக்குப் போகக் கூடாது, ஆபரேஷன் தேதியை முன்னால் கொண்டுவருகிறேன் என்றார். நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்டார். கூட வந்தவர் கடையில் வேலை பார்க்கிற அண்ணன் என்று தெரிந்ததும், "வீட்டுக்காரர் எங்கே?" என்றார். வேலையில் என்றேன்.

"அவருக்குத் தெரியாம இருக்கறதுக்காக இவ்வளவு நேரம் காத்திருந்தீங்களா?"

பதில் ஆமாம் என்பதுதான்.

வீட்டில் தேதி முன்னால் வந்ததை மட்டும் சொன்னேன். டாக்டருக்கு முதலில் குறித்த வாரம் வெளியூரில் வேலை என்று ஒரு பொய்யும் சேர்த்துக்கொண்டேன். அவர் தலையாட்டினார். முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் மீதியைச் சொல்லாமல் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 16

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நாள்.

அவருக்கு டிப்போவில் நேற்றிலிருந்து லீவு. அங்கே அலமாரிகளுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறார்களாம், காலி செய்யச் சொல்லி அவரைத் தேடியிருக்கிறார்கள். மருந்து வாங்க அவர் வெளியே போயிருந்த நேரம், எங்கள் தெருமுனையில் பஸ் ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி, பழைய பஸ் சீட்டு உறையால் மூடிக் கட்டிய ஒரு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "டைம்டேபிள் சார் சாமான்" என்று வாசலில் இருந்த அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் நிறைய ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணி கேட்டுக்கொண்டெல்லாம் பிரிக்கிற ஜாதி இல்லை. கூடத்தின் நடுவில் வைத்து அவிழ்த்தார். நீலத் தொட்டி. அதற்குள் சட்டைகள், காது மூடுகிற தொப்பி, துவட்டுகிற துண்டு, ஒரு கிலுகிலுப்பை, தாடைக்குக் கீழே கட்டுகிற துணிகள் எல்லாம் மடிப்புக் கலையாமல், பெரிசு அடியில் சின்னது மேலே என்று வரிசையாக அடுக்கியிருந்தது. அட்டவணை போடுகிற கை.

அவர் மருந்துப் பையோடு வாசலில் வந்து நின்றார். பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பையன் மாதிரி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

நான் போனை எடுத்து லென்ஸ் அண்ணனைக் கூப்பிட்டு, கீழ்த்தட்டில் இருக்கிறதை எடுத்து வரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தார். அவர் இறக்கி வைத்தது அதே கடை, அதே நீலம், அதே தொட்டி. ஓரத்தில் இருந்த வாத்துப் படம்கூட ஒன்றே.

அண்ணி இரண்டு தொட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இரட்டைப் பிள்ளைன்னு என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்றார். லென்ஸ் அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு பேரும் யாருக்குப் பயந்து ஒளிச்சு வெச்சீங்க?"

அவர் என்னைக் காட்டினார். நான் அவரைக் காட்டினேன்.

ஆகஸ்ட் 17

அண்ணி காய்கறி வாங்கப் போயிருந்தார். வேண்டுமென்றேதான் போனார், வீட்டில் காய்கறி இருந்தது.

கூடத்தில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். அன்று ஆட்டோவில் போனதை முதலில் சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தார். "என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல" என்றார். கோபம் இல்லை. கோபமாகவே இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

பிறகு என் வாயில் அது வந்தது. தயார் செய்து வைத்திருந்த கேள்வி இல்லை.

"அவ யாரு மாதிரி இருந்தா?"

அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று நான் எழுந்திருக்கப் பார்த்தபோது சொன்னார்.

"உன் காது. மேல கொஞ்சம் மடிஞ்சிருக்குமே, அதே காது. ரெண்டும்."

நான் என் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நாற்பத்து மூன்று வருஷமாகத் தலைமுடியால் மூடி வைத்திருக்கிற காது.

மீதி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவள் பிறந்த அன்று மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை அவர் அவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட அனுமதித்தார்களாம். அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாளாம், விடவில்லையாம். "நீ எந்திரிச்சதும் சொல்லணும்னு எல்லாத்தையும் பார்த்து வெச்சேன். நீ எந்திரிச்சே. கேக்கல. நான் சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு நெனச்சேன்." மாடி வீட்டு அறையில் குழந்தைக்காக இருந்ததையெல்லாம், ஒரு மாற்றுத் துணிகூட இல்லாமல் பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு வார்டில் கொடுத்துவிட்டாராம்.

நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று நான் கேட்காமல் இருந்தேன் என்றேன். அவர் தலையைக் குனிந்தபடியே ஒரு மாதிரிச் சிரித்தார். தோள் குலுங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, அது சிரிப்பு இல்லை. நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். இந்த வயிற்றோடு நகர்வது என்பது சின்ன வேலையா? தொட்டியைப் பிடித்துத்தான் நகர்ந்தேன்.

பதினான்கு வருஷம் அவளை அவர் தனியாகச் சுமந்திருக்கிறார். எனக்குச் சுமக்க ஒரு முகம்கூட இல்லாமல் இருந்தது.

ஆகஸ்ட் 18

சைக்கிள் வெளியே போனது. அண்ணி மேற்பார்வை.

ஆகஸ்ட் 20

நாளைக் காலை ஆபரேஷன். ஆஸ்பத்திரி ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே பார்க் பண்ணிய கார்களின் மேல் சாயங்கால வெயில். அவர் கேன்டீனுக்குப் போயிருக்கிறார். அண்ணி பையை மூன்றாம் முறையாகச் சரிபார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் யாருக்கோ போனில் செய்தி வாசிக்கிறார்.

மத்தியானம் அண்ணி என் தலையை வாரிவிட்டார். காது தெரிய இழுத்துப் பின்னினார். காது விஷயத்தை அவர் அண்ணிக்கும் சொல்லியிருப்பார் போல. பிறகு இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்து, "பேசினீங்களே, நல்லது. ஆனா இதோட சரி. வர்ற பிள்ளை காதுல இதெல்லாம் விழக் கூடாது. அது புதுசா ஆரம்பிக்கட்டும்" என்றார். அவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அண்ணியின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அப்போதே உள்ளே ஏதோ ஒட்டவில்லை. இரண்டு பேர் இரண்டு பக்கம் ஒளித்து வைத்தால் ஒரு வீடு எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவதாக ஒருவருக்கும் அதைப் பழக்க வேண்டுமா?

இந்தப் பிள்ளைக்கு ஓர் அக்கா இருக்கிறாள். இருந்தாள் என்று எழுதி அடித்துவிட்டேன். ஒரு பகல் இருந்தாலும் அக்கா அக்காதான். நாளை என் பக்கத்தில் கொண்டுவந்து படுக்க வைத்ததும், அதற்கு ஒன்றும் புரியாத அந்த முதல் நாளிலேயே, அவளைப் பற்றிச் சொல்லிவிடப் போகிறேன்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஒன்றை முதலில் பிள்ளையிடம் சொல்லிக்கொள்கிறேன். அவர் பக்கத்தில் நின்றால், கேட்டுக்கொள்ளட்டும்.