ஆடாதொடைத் தொட்டிக்குள் இருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை. உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பயப்படாதே, ஆபத்து இல்லை, ஐந்து வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார், காய்ச்சல் விட்டுவிட்டது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கோபிப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் இருப்பவர் ஆயுசு நூறு என்று சொல்லும் வீடு, அவர் காதில் விழாமல் நான் எதைச் சொல்ல முடியும். அதனால்தான் லாண்டரியில் சாப்பாட்டு நேரத்தில், மடித்த போர்வைக் கட்டின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ லீவில் வந்திருந்தபோது பால்கனியில் பெரிய பெயின்ட் டப்பாவில் ஒரு ஆடாதொடைச் செடி இருந்ததே, நீகூட அதன் வாடைக்கு மூக்கைச் சுளித்தாய், அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடுகூடத் தொடாத இலை என்பதால்தான் அந்தப் பெயர் என்பார்கள், ஆனாலும் நெஞ்சுச் சளிக்கு அதைப்போல் வராது, பாடாத நாவையும் பாட வைக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். லாண்டரி ஆவியில் நின்று நின்று எனக்கு வந்த இருமலை அது இரண்டே நாளில் நிறுத்தியது உண்மைதான். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. காய்கறித் தோலும் முட்டை ஓடும் போட்டுப் போட்டு வளர்த்தேன், ஆளுயரம் வந்து தளதளவென்று நின்றது. படிக்கட்டில் யார் இருமினாலும் கதவைத் திறந்து நாலு இலை நீட்டுவேன். மேல்மாடியில் இருக்கும் கணக்கு டீச்சர் தன் ஐந்து வயதுப் பெண்ணுக்கு அடிக்கடி வாங்கிப்போவாள், என்னை டாக்டரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். கேலியாகத்தான் சொல்லியிருப்பாள், எனக்கு அது கேலியாகவே படவில்லை, உச்சி குளிர்ந்துவிட்டது. இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

நீ இருக்கும்போதே அப்பா இருமினார், ஞாபகம் இருக்கும். பட்டறையில் நாற்பது வருஷமாக மரத்தூளைச் சுவாசிக்கிற மனுஷன் இருமாமல் என்ன செய்வார் என்று நாமே சொல்லிக்கொண்டோம். நீ போனபிறகு அது அதிகமாயிற்று. நான் தினமும் காலையில் ஐந்து இலையைக் கிள்ளிக் கொதிக்கவைத்துத் தேன் விட்டு ஒரு டம்ளர் கொடுப்பேன். சூடாக இருக்கிறது, ஆறவைத்துக் குடிக்கிறேன் என்று பால்கனிக்கு எடுத்துப்போவார், காலி டம்ளரோடு வருவார். மூன்று மாதம் இப்படியே போனது. பெல்ட்டில் அவரே ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார், சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருந்தது, விடிந்தால் தலையணை உறை நனைந்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஐந்து இலையை ஏழாக்கினேன், ஏழை ஒன்பதாக்கினேன். ஒருநாள் அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களா என்று நான் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செடிக்கு மண்ணைக் கிளறிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மேலே உதிர்ந்த சருகை ஒதுக்கினேன், ஈ கும்பலாக எழுந்து முகத்தில் மோதியது. அடியில் மண்ணே தெரியவில்லை. காய்ந்தது, காயாதது, பச்சையும் மஞ்சளுமாய்ச் சளி, கோழை, நடுநடுவே துருப்பிடித்த நிறத்தில் திட்டுத்திட்டாக. ஓரத்தில் கஷாயம் ஊற்றி ஊற்றிப் புளித்துப்போய் நுரை கட்டியிருந்தது. என் விரல் அதற்குள் போய்விட்டது தம்பி. லாட்ஜ் துணி பிரிக்கிற வேலையில் எனக்குப் பதினாறு வருஷம், அடுத்தவன் வாந்தியையும் அசிங்கத்தையும் வெறுங்கையால் எடுத்துப் போட்டிருக்கிறேன், ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. அன்றைக்குக் குளியலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். அந்த மண்ணில் நின்ற செடியின் இலையைத்தான் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறேன், அந்தக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறேன். அப்படியே வாளியில் ஊறக்கிடந்த அவர் துணியைப் பார்த்தேன். கைக்குட்டையில் இருக்கும் கறைக்கு இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன், பாலிஷ் கறை என்றிருக்கிறார். பாலிஷ் கறை வெறும் தண்ணீருக்கு அசையாது, டர்பன்டைன் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இது தண்ணீரிலேயே கரைந்து ரோஸ் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கறையைப் பார்த்தே காலம் தள்ளுகிறவள், என் வீட்டு வாளியில் இருந்ததைப் பார்க்கவில்லை.

ஈரக் கைக்குட்டையை அவர் முன்னால் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், மனுஷனா நீங்கள், மாடு கூடத் தின்கிற இடத்தில் இப்படிச் செய்யாது என்றேன். அவர் தலையைக் குனிந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். வாஷ்பேசினில் துப்பினால் ரத்தம் கண்ணில் படும் என்று தொட்டியில் துப்பிச் சருகை இழுத்து மூடியிருக்கிறார். விஷயம் வெளியே போனால் பட்டறையில் வேலை போய்விடும் என்று பயம். கஷாயம் முதல் வாரத்திலிருந்தே தொண்டைக்குள் இறங்கவில்லையாம். அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது இதுதான்.

"டம்ளர நீட்டும்போது உன் மூஞ்சில ஒரு பெருமை இருக்கும். ஒரு தடவ ஆஸ்பத்திரின்னு சொன்னேன், நீ சிரிச்ச. அப்பறம் எப்படிச் சொல்றது?"

அதுவரை அவர் மேல் இருந்த அருவருப்பு அப்படியே திரும்பி என் மேல் வந்து ஒட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை. மறுநாளே நெஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சளியைப் பரிசோதித்து எக்ஸ்ரே படம் எடுத்து, காசநோய் என்றார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை போட்டால் முழுசாகக் குணமாகிவிடும், நடுவில் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது என்றார்கள். அங்கே இருந்த நர்ஸம்மாவிடம் நான் செடிக் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். அந்த இலை வழியாக இது பரவாது, வாயை மூடாமல் இருமினால் காற்று வழியாகத்தான் பரவும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கொஞ்ச நாள் முகமூடி போடட்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"செடி மேல தப்பு சொல்லாதீங்கம்மா. ரெண்டு வாரத்துக்கு மேல ஒருத்தர் இருமுறாரு, நீங்க ஏன் கூட்டிட்டு வரல?"

வீட்டுக்கு வந்ததும் கையுறை போட்டுக்கொண்டு செடியை வேரோடு வெட்டிச் சாய்த்தேன், டப்பாவை மண்ணோடு மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் அனுப்பினேன். பிறகு மேல்மாடிக்கு ஏறிப்போய்க் கணக்கு டீச்சரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் அந்தக் குழந்தை நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அப்பாவோடு மரத்துண்டு அடுக்கி விளையாடுகிற குழந்தை, சொல்லாமல் எப்படி இருப்பது. டீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், அழுகிறாளோ குமட்டுகிறாளோ தெரியவில்லை, கதவைச் சாத்திவிட்டாள். குழந்தையைப் பரிசோதித்ததில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, அதையும் நான் ஆஸ்பத்திரியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது படிக்கட்டில் எதிரே பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கிப்போகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என்னையும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. பட்டறை முதலாளி குணமாகி வரட்டும், வேலை எங்கேயும் ஓடிப்போகாது என்று சொல்லி அனுப்பினார், இதற்குப் பயந்தா மூன்று மாதம் மறைத்தீர்கள் என்று அன்றைக்கும் அவரைத் திட்டினேன்.

இனிமேல் எழுதுவதை எழுத வெட்கமாக இருக்கிறது. தட்டில் ஒட்டாது, டம்ளரில் ஒட்டாது என்று நர்ஸம்மா சொல்லியும் நான் அவர் தட்டின் அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். அவர் துணியைக் குச்சியால் தூக்கினேன். மாத்திரையால் அவருக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, அது மருந்தின் குணம்தான் என்று தெரிந்தும் அவர் போய் வந்தபிறகு கழிவறையை முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் நான் வேலையிலிருந்து திரும்பினால் தட்டை அவரே வெந்நீரில் கழுவி ஜன்னலில் காயவைத்துவிட்டுப் பால்கனியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய் ஆசிடால் தட்டின் புள்ளியைத் தேய்த்தேன், போகவில்லை, இரும்பு நாரால் தேய்த்ததில் தட்டே கீறிப்போயிற்று. இப்போது அந்தத் தட்டில் நான் சாப்பிடுகிறேன். அதைச் செய்வதற்கே எனக்கு நாலு வாரம் ஆனது என்பதை யாரிடம் சொல்ல.

உனக்கு இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ வந்த ஒரு மாதமும் அவரோடு அதே அறையில், ஏ.சி.க்காக ஜன்னலை மூடிக்கொண்டு படுத்தாய். இந்தக் கடிதம் கிடைத்த வாரமே போய்ப் பரிசோதனை செய்துகொள், இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை என்று சாக்குச் சொல்லாதே, என்னைப்போல் வீட்டு வைத்தியத்தை நம்பி நாளைக் கடத்தாதே. முடிவு எதுவானாலும் மறைக்காமல் எழுது. அப்பாவிடம் போனில் பேசு, பட்டறையைப் பற்றிக் கேள், நோயைப் பற்றி அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். உனக்குச் சொல்ல வேண்டாம், அவன் அருவருப்பான் என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வரிசையில் முதல் நாள் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், யாருக்கு உடம்பு சரியில்லை, உங்கள் வீட்டுக்காரருக்கா என்று கேட்டாள். தெரிந்தவர் ஒருவருக்கு, துணைக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா எனக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். பரிசோதனைக்குப் போகும் இடத்தில் உன்னையும் கேட்பார்கள், உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இந்த நோய் இருக்கிறதா என்று. என் அப்பாவுக்கு இருக்கிறது என்று சொல். நன்றாகக் கேட்கும்படி சொல்.

உடம்பும் மனசும் கெடாமல் நூறு வருஷம் நன்றாக இரு, ராஜா.

உன்
அம்மா