அப்பாவின் நிறம்

பலோம்பொன், பிலிப்பைன்ஸ்

அன்பு மகள் ரோவெலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கை டெய்ஸிரியும் மூச்சோடு இருக்கிறோம், ஆண்டவர் அதற்குக் குறை வைக்கவில்லை. அங்கே குவைத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வீட்டு அம்மாள் வாரத்தில் ஒரு நாளாவது உன்னைத் தூங்க விடுகிறாளா, அதே நினைப்புதான் எனக்கு. அப்பாவின் நாற்பதாம் நாள் செபம் நேற்று முடிந்தது. பாதிரியார் வந்தார், பன்றி அடித்தோம், உன் சித்தப்பா கூட்டத்தோடு வந்து சாப்பிட்டுப் போனார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நேற்று ஒன்று தெரியவந்தது, அதைப் போனில் சொல்ல முடியாது, டெய்ஸிரி பக்கத்திலேயே இருப்பாள். அதனால் குவைத் திரும்புகிற பக்கத்து வீட்டுப் பெண் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பொறுத்துப் படி.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பெரிய பெட்டியில் ஒரு மேக்கப் டப்பா இருந்ததே, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று உன்னைத் திட்டினேன், நீ சிரித்தாய். பதினெட்டாம் பிறந்தநாளுக்குக் கவுன் போட்டு ஆடும்போது பூசிக்கொள்ளட்டும், உனக்கும் அப்படித்தானே செய்தோம் என்று அலமாரியில் எடுத்து வைத்தேன். பிறகு அப்பா கள் இறக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தார். விழுந்ததைச் சொன்னேன், முகம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லவில்லை. ஒரு பக்கக் கன்னம் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. சவப்பெட்டிக் கடைக்காரர்கள் அதை மறைக்கிறேன் என்று வெள்ளையும் ரோஸுமாக அப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே வேறு யாரோ. "அண்ணன் செத்ததும் மேயர் ஆயிட்டாரா" என்று உன் சித்தப்பா சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் அழுதார். நீ போனில் முகத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினாய், நான் சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்றேன். அதெல்லாம் பொய் மகளே.

மூன்றாம் நாள் காலை கோயிலுக்குப் போய் அடக்கத்துக்கு நேரம் கேட்டுவிட்டு வருகிறேன், வீட்டில் பெட்டிக்குப் பின்னால் கட்டிய திரை மறைவில் டெய்ஸிரி நிற்கிறாள். கையில் கண்ணாடி, தாடையில் பழுப்பாக நாலைந்து கோடு, விரலெல்லாம் சாயம், காலடியில் அந்த டப்பா. உடல் வீட்டை விட்டுப் போகிறவரை தலை சீவினால் இன்னொரு சாவு விழும் என்று நாங்களெல்லாம் பரட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கிறோம், இவள் முகத்துக்குப் பூசிக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கண் இருண்டுவிட்டது. "அப்பன் பெட்டியில கெடக்கான், உனக்கு அழகு கேக்குதாடி" என்று வெளியே இழுத்து எல்லார் முன்னாலும் அறைந்தேன், இரண்டு தடவை. அவள் குனிந்து டப்பாவை மூடினாள். இந்த வயசுலயே இப்படின்னா எவனோ இருக்கான் என்று வந்திருந்த பெண்கள் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது, அவள் காதிலும் விழுந்தது. அன்று மத்தியானம் பெட்டிக்குள் பார்க்கிறேன், அப்பா அப்பாவாகவே இருக்கிறார், வெயிலில் காய்ந்த அதே நிறம், அதே உதடு. உடனே உனக்குக் காட்டினேன். தூங்குற மாதிரியே இருக்காரும்மா என்றாய் நீ. குழந்தை இயேசு செய்த புதுமை என்று நான் ஊரெல்லாம் சொல்லி மெழுகுவத்தி ஏற்றினேன். எனக்குப் புத்தி எங்கே போயிற்று.

நேற்று எல்லாரும் சாப்பிடும்போது, அந்தச் சவப்பெட்டிக் கடையில் வேலை செய்கிற பூரிங் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன் சின்னவளை நாளைக்கு ஒரு மணி நேரம் அனுப்பேன் அக்கா, ஒரு மீன்காரர் முகம் வந்திருக்கிறது, எங்கள் கடையில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் நிறம் என்றாள். என் மகள் எதற்கு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உன் புருஷனுக்குப் போட்டது யாருன்னு நெனச்சே?" என்றாள்.

பிசைந்த சோறு கையிலேயே இருந்தது ரோவெலின். நான் கோயிலுக்குப் போயிருக்க, மற்றவர்கள் கொல்லையில் சாப்பிட்ட நேரத்தில், பெட்டியைப் பார்த்துப் போக வந்த பூரிங் காலைப் பிடித்து டெய்ஸிரி பெட்டிக் கண்ணாடியைத் திறக்கவைத்திருக்கிறாள். முதலாளிக்குத் தெரிந்தால் பூரிங் வேலை போய்விடும், அதனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று டெய்ஸிரி சத்தியம் பண்ணியிருக்கிறாள். அவளுக்கு அப்பா நிறம்தானே, தன் தாடையில் பூசிப் பார்த்துப் பார்த்துக் கலந்து, அவர் கன்னத்தில் தடவி முடித்துவிட்டு, தன் முகத்தைத் துடைக்க நின்ற நேரத்தில்தான் நான் போய் அறைந்திருக்கிறேன். அக்கா அப்பாவைப் பார்க்காமலே போயிடக்கூடாது என்று சொன்னாளாம். அந்தக் கன்னத்தை நான்கூடத் தொடவில்லை மகளே, எனக்குப் பயமாக இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தொட்டிருக்கிறது. நாற்பது நாளாக சரி, இல்லை என்று இரண்டு சொல்தான் என்னோடு பேசினாள், நான் அதைத் திமிர் என்று நினைத்தேன்.

இன்று காலை டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. பதினெட்டு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஞாயிறு பூசைக்கு உதட்டுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள் என்றேன். துக்க வருஷத்தில் சிவப்பு ஆகாது என்று தெரிந்தும் சொன்னேன். அவள் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "வேணாம்மா. அதத் தொட்டா வெரல் ஜில்லுன்னு ஆகுது, அப்பா கன்னம் மாதிரி" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், அவள் எழுந்து போகவில்லை.

பூரிங்குக்கு முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டேன். பிள்ளை முதலில் உயிருள்ள முகத்துக்குப் பூசட்டும். எத்தனை வயதில் என்று இனி நான் சொல்லமாட்டேன், அவளாகக் கேட்கும் நாள்தான் கணக்கு. அதுவரை நீயும் எதையும் அனுப்பாதே. ஊருக்கு வரும்போது அவள் பார்க்க உன் முகத்துக்குப் போட்டுக்கொள், கேட்டால் கொடு, கேட்காவிட்டால் சும்மா இரு.

மரியாள் உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. குடை இல்லாமல் அந்த வெயிலில் போகாதே. வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது முதலில் டெய்ஸிரியைக் கூப்பிட்டுப் பேசு, அப்பாவை நீ பார்த்தது அவளால்தான் என்று உன் வாயால் சொல். என்னை அப்புறம் கூப்பிட்டால் போதும்.

உன் அம்மா
இலுமினாடா