ஒரே படிக் கொலு

பாப்பாவோட அப்பாவுக்கு,

இங்க எல்லர்ஸ்லியில நவராத்திரி வசந்தகாலத்துல வருது, செர்ரி பூத்தாச்சு. நானும் பாப்பாவும் வந்திருக்கற வீடு சின்னது. இந்த வருஷம் கொலு ஒரே படிதான்.

"சாமானைக் குறை, குறை"ன்னு கத்துவீங்களே, போன நவராத்திரியில நீங்களே குறைச்சீங்க. சுண்டல்ல உப்பில்லைன்னு, வந்தவங்க போனதும் கொலுப்படியை எட்டி உதைச்சு, ஒவ்வொரு பொம்மையா எடுத்துச் சுவத்துல அடிச்சீங்க. சாமிக்குப் படைக்கறதை ருசி பார்க்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?

மண் பொம்மை எல்லாம் தூள். அம்மா சீரா குடுத்த மரப்பாச்சி ராஜாவும் ராணியும் மட்டும் உடையல. ராஜா சுவத்துல படல, என் நெத்தியில பட்டுது. தையல் ஆறிடுச்சு, கவலைப்படாதீங்க.

இன்னிக்கு ராணியை மட்டும் படியில வெச்சேன். ராஜாவைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கோடாலியால பொளந்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் உங்க பேரைச் சொன்னேன். கல்யாணமானதுலேருந்து என் வாயில வராத பேரு.

பாப்பா பின்னாடியே நின்னு பார்த்திருக்கா. "அம்மா, மை டர்ன்"னு கையை நீட்டினா.

கோடாலியைக் கீழே போட்டுட்டேன். அவளை உள்ள தூக்கிட்டுப் போய், சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே அவ வாயில சுண்டலை ஊட்டினேன்.

உப்பு சரியா இருக்காம்.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா